பயிற்சி முகாமுக்கு முன் டெட்ராய்ட் லயன்ஸ்: பலம் எங்கே, ஓட்டை எங்கே

கடந்த ஜனவரியில், அமெரிக்கக் கால்பந்து லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே தோற்று நின்ற டெட்ராய்ட் லயன்ஸ் அணி, இந்த 2024 ஜூலை இறுதியில் பயிற்சி முகாமைத் தொடங்கும்போது எந்த நிலையில் இருக்கிறது, போன ஆண்டைவிட மேலே போக வாய்ப்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தை முன்னேற்றும் பக்கத்தில் இந்த அணிக்குப் பெரிய கவலை கிடையாது. போன ஆண்டு அடி விழுந்ததெல்லாம் எதிரணியில் பந்தை வீசுபவரான குவார்ட்டர்பேக் தூரமாக வீசிய பந்துகளில்தான். அந்த ஓட்டையை அடைப்பதற்கென்றே நிர்வாகம் மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக பந்தைப் பிடிக்க ஓடுபவர்களை ஓரங்களில் மறிக்கும் கார்னர்பேக்குகள் நால்வரைப் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறது. அந்த நால்வரில் இருவராவது தேறிவிட்டால் லயன்ஸ் சூப்பர் பௌல் வரை போகக்கூடிய அணி. தேறாவிட்டால் மறுபடியும் ஜனவரியில் வீட்டுக்குத் திரும்பும் நல்ல அணி, அவ்வளவுதான்.

டெட்ராய்ட் புறநகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். கார் நிறுவனங்களின் பொறியியல் வேலைக்காக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. இந்த விளையாட்டை எங்கள் பிள்ளைகள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு லயன்ஸ் என்றால் என்ன என்று புரிய ஒன்றிரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும். அணி கடைசியாகச் சாம்பியன் ஆனது 1957-இல். அப்போது சூப்பர் பௌல் என்ற போட்டியே பிறக்கவில்லை. 2008-இல் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. 1992 ஜனவரி 5-க்குப் பிறகு சீசன் முடிந்தபின் வரும் பிளேஆஃப் நாக்அவுட் சுற்றில் ஒரு வெற்றிகூட இல்லாமல் 32 ஆண்டுகள் போயின. டான் கேம்பெல் தலைமைப் பயிற்சியாளராகவும் பிராட் ஹோம்ஸ் பொது மேலாளராகவும் 2021-இல் வந்தபோது முதல் ஆண்டில் கிடைத்தது 3 வெற்றி. அடுத்த ஆண்டு முதல் ஏழு ஆட்டங்களில் ஆறைத் தோற்றுவிட்டு, பிறகு எழுந்து 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தார்கள். போன சீசனில் 12 வெற்றி, 5 தோல்வி. 1993-க்குப் பிறகு முதல் டிவிஷன் (நான்கு அணிகள் கொண்ட பிரிவு) பட்டம். ஜனவரி 14 அன்று ஃபோர்டு ஃபீல்டு அரங்கில் ராம்ஸ் அணியை 24-23 என்று வென்றபோது அந்த 32 ஆண்டுக் கணக்கும் முடிந்தது. அன்று இரவு எங்கள் தெருவில் வீட்டுக்கு வெளியே வந்து கத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

ஆனால் நாம் பார்க்க வேண்டியது அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 28 அன்று, கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் நடந்த ஆட்டத்தை. ஃபோர்ட்டி நைனர்ஸ் அணிக்கு எதிராக இடைவேளையில் லயன்ஸ் 24-7 என்று முன்னிலையில் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு எதிரணி ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்து 24-10 ஆக்கியது. அடுத்து லயன்ஸ் நான்காவது, அதாவது கடைசி, முயற்சியில் இரண்டு யார்டு தேவைப்பட்ட இடத்தில் ஃபீல்டு கோலுக்குப் போகாமல் பந்தை வீச, ஜாஷ் ரெனால்ட்ஸ் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார். சில நிமிடங்களில் எதிரணியின் பிராக் பர்டி பந்தைத் தூரமாக வீசினார். லயன்ஸ் கார்னர்பேக் கிண்டில் வில்டோர் பந்தின் பாதையில் சரியாகவே நின்றார். ஆனால் பந்து அவர் கைகளுக்கு இடையே புகுந்து, ஹெல்மெட்டின் முகக்கம்பியில் பட்டு மேலே எழும்பி, கீழே சாய்ந்துகொண்டிருந்த பிராண்டன் ஐயுக்கின் கையில் போய் விழுந்தது. 51 யார்டு. அதிலிருந்து டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), அடுத்து லயன்ஸ் பந்தை எடுத்ததுமே ஓட்டக்காரர் ஜாமிர் கிப்ஸ் அதைத் தவறவிட்டதால் இன்னொரு டச்டவுன் என்று பதினேழு புள்ளி முன்னிலை கரைந்து, கடைசியில் 34-31 என்று லயன்ஸ் தோற்றது.

பலரும் அதைத் துரதிர்ஷ்டம் என்கிறார்கள். முகக்கம்பியில் பட்டு எழும்பியது துரதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீசன் நடுவில் சேர்க்கப்பட்ட வில்டோர், மாநாட்டு (லீகின் இரு பாதிகளில் ஒன்று) இறுதிப் போட்டியில் தொடக்கக் கார்னர்பேக்காக ஆட வேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். பந்தோடு ஓடும் ரன்னிங் ஆட்டத்தைத் தடுப்பதில் லீகிலேயே இரண்டாம் இடத்தில் இருந்த இதே தடுப்பணி, பந்தை வீசும் பாஸைத் தடுப்பதில் 32 அணிகளில் 27-ஆவது இடத்தில் இருந்தது. டிசம்பர் 24 அன்று மினசோட்டாவின் மாற்று குவார்ட்டர்பேக் நிக் மலன்ஸ் 411 யார்டு வீசினார். லயன்ஸ் நான்கு இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது) எடுத்ததால்தான் பிழைத்தது. ஆறு நாள் கழித்து டல்லஸில் சீடீ லாம்ப் என்ற ஒரே ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்) 227 யார்டு பிடித்தார். பிளேஆஃபில் ராம்ஸின் பூகா நக்குவா 181, டேம்பாவின் மைக் எவன்ஸ் 147. கிழமைக்குக் கிழமை வேறு பெயர், அதே கதை.

அந்த டல்லஸ் ஆட்டம் 20-19 என்று தோல்வியில் முடிந்தது. டச்டவுனுக்குப் பின் எடுக்கும் இரண்டு புள்ளி முயற்சியில் லயன்ஸின் டெய்லர் டெக்கர் பந்தைப் பிடித்தும் நடுவர்கள் செல்லாது என்று சொன்ன ஆட்டம் அது. அந்தத் தீர்ப்பைப் பற்றி இந்த ஊரில் இன்றும் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்தில் லாம்பின் 227 யார்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சீசன் முடிவில் லயன்ஸ், டல்லஸ், ஃபோர்ட்டி நைனர்ஸ் மூன்றும் 12-5 என்று சமமாக நின்றன. டல்லஸில் வென்றிருந்தால் மாநாட்டில் முதலிடத்துக்கான போட்டி கடைசி வாரம் வரை உயிரோடு இருந்திருக்கும். ஒருவேளை ஜனவரி 28 ஆட்டமே டெட்ராய்டில் நடந்திருக்கும். பாஸ் தடுப்பின் பலவீனத்துக்குக் கொடுத்த விலை அந்த ஒரு வீச்சோடு நிற்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி புதிதாக வந்த நால்வர். போன ஆண்டு தொடக்கத்தில் இரு ஓரங்களிலும் நின்ற கேமரன் சட்டன், ஜெர்ரி ஜேக்கப்ஸ் இருவரும் இப்போது அணியில் இல்லை. அதாவது ஹோம்ஸ் ஒட்டுப்போடவில்லை, சுவரை இடித்துவிட்டு மறுபடி கட்டுகிறார். முதலாமவர் கார்ல்டன் டேவிஸ். டேம்பா பே அணியிடமிருந்து மூன்றாம் சுற்று டிராஃப்ட் உரிமையை (கல்லூரி வீரரை எடுக்கும் உரிமை) கொடுத்து வாங்கப்பட்டவர், வயது 27, 2021 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்ற டேம்பா அணியில் தொடக்க ஆட்டக்காரர். உயரமும் நீண்ட கைகளும் கொண்டவர். ரிசீவர் புறப்படும் இடத்திலேயே நெஞ்சில் கைவைத்து நிறுத்திவிடுவது அவருடைய பாணி. தடுப்பணியின் பொறுப்பாளர் ஏரன் கிளென் தாமே 15 சீசன் கார்னர்பேக்காக ஆடியவர். அவருக்கு இந்த மாதிரி ஆள் தேவைப்பட்டது புரிகிறது. குறை ஒன்றுதான்: 2018-இல் லீகுக்கு வந்த டேவிஸ் ஒரு சீசனில்கூட எல்லா ஆட்டங்களும் ஆடியதில்லை. ஒவ்வொரு ஆண்டும் காயத்தால் சில ஆட்டங்கள் போகும். ஒப்பந்தமும் இந்த ஆண்டோடு முடிகிறது. ஆகவே அவரைப் பதினான்கு ஆட்டங்களுக்கான ஆள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, மீதிக்கு வேறு ஏற்பாடு செய்வதுதான் விவேகம்.

இரண்டாமவர் டெரியன் ஆர்னால்டு. இந்த ஆண்டு டிராஃப்ட் டெட்ராய்டிலேயே நடந்தது. மூன்று நாளில் 7 லட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நகரின் மையத்துக்கு வந்தார்கள். டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் போன்றதன்று. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசை முறையில் எடுக்கும், தோற்ற அணிக்கு முன்னுரிமை. லயன்ஸின் முறை 29-ஆவது. ஹோம்ஸ் அதுவரை காத்திருக்காமல் மூன்றாம் சுற்று உரிமை ஒன்றையும் சேர்த்து டல்லஸுக்குக் கொடுத்து 24-ஆவது இடத்துக்கு ஏறி, அலபாமா பல்கலைக்கழகத்தின் ஆர்னால்டை எடுத்தார். பின்வரிசைத் தடுப்பாளரான சேஃப்டியாகக் கல்லூரிக்குப் போய் கார்னர்பேக்காக மாறியவர். கடைசி ஆண்டில் ஐந்து இன்டர்செப்ஷன். சண்டைக்காரர், ஓடுகிறவனை வீழ்த்தத் தயங்காதவர். பிரையன் பிராஞ்ச், ஜாமிர் கிப்ஸ், ஜேம்சன் வில்லியம்ஸ் என்று அலபாமாக்காரர்கள் அணியில் ஏற்கெனவே இருப்பதால் ஊர் புதிதாக இருக்காது. ஆனால் கார்னர்பேக் பதவியில் முதல் ஆண்டு என்பது எவருக்கும் கொடுமையானது. எதிரணிக் குவார்ட்டர்பேக்குகள் புது ஆளைத் தேடித்தேடி வீசுவார்கள்; பிடித்து நிறுத்துகிற பாணி உள்ளவருக்கு விதிமீறலுக்கான நடுவர்களின் மஞ்சள் கொடி அடிக்கடி பறக்கும். செப்டம்பர், அக்டோபரில் ஆர்னால்டு தடுமாறினால் அதை வைத்து அவரை எடை போடாதீர்கள் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். டிசம்பரில் எப்படி ஆடுகிறார் என்பதே கணக்கு.

இரண்டாம் சுற்றில் எடுத்த மிசௌரியின் எனிஸ் ரேக்ஸ்ட்ரா உடல் சிறியவர், அஞ்சாதவர். முதல் ஆண்டில் அவரிடம் அதிகம் எதிர்பார்க்க மாட்டேன். லாஸ் வேகாஸிலிருந்து வந்த அமிக் ராபர்ட்சன் நடுவில், அதாவது நிக்கல் என்று சொல்லும் இடத்தில், உடனே பயன்படுவார். அவர் அங்கே நின்றால், போன ஆண்டு அந்த இடத்தில் அசத்திய பிராஞ்சைப் பின்னால் சேஃப்டியாக நகர்த்தலாம். சி.ஜே. கார்ட்னர்-ஜான்சன் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருக்கிறது. கெர்பி ஜோசப், இஃபியாட்டு மெலிஃபான்வு, பிராஞ்ச் மூவரையும் கிளென் எப்படி அடுக்கப்போகிறார் என்பது முகாமில் கவனிக்க வேண்டிய விஷயம். நால்வருக்கும் பின்னால் எம்மானுவல் மோஸ்லி இருக்கிறார். போன ஆண்டு நீண்ட சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே, இரண்டு முறை பந்து நகர்வதற்குள் மற்றொரு முழங்கால் தசைநார் கிழிந்து போனவர். அவர் நல்லபடியாக ஆட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

கார்னர்பேக் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் நான்கு விநாடிக்கு மேல் எவரையும் கட்டிப்போட முடியாது. குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்தும் வேலை முன்வரிசையுடையது. அங்கே ஏய்டன் ஹட்சின்சன் இருக்கிறார். இதே மாநிலத்துப் பிள்ளை, மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து 2022-இல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர், போன ஆண்டு 11.5 சாக். பந்தோடு நிற்கும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதைத்தான் சாக் என்கிறோம். அணியில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆலிம் மெக்நீல் எடுத்தது 5. இந்த இடைவெளிதான் இரண்டாவது ஓட்டை. எதிரணிகள் ஹட்சின்சனுக்கு இரண்டு ஆளை வைத்துவிட்டால் மறுபக்கம் தண்டிக்க ஆளில்லை. அதற்காக மார்கஸ் டாவன்போர்ட்டை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் கேம்பெலும் கிளென்னும் அங்கே உதவிப் பயிற்சியாளர்கள், ஆகவே தெரிந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் போன ஆண்டு மினசோட்டாவில் அவர் நான்கே ஆட்டம் ஆடினார். ஹட்சின்சனுக்குக் காயம் என்று ஒன்று வந்தால் இந்தத் தடுப்பணியின் நிலை என்ன என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நிர்வாகம் இந்த இடத்தில் இன்னும் ஒருவரைத் தேடியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2022-இல் ஏழே ஆட்டத்தில் எட்டு சாக் எடுத்து, போன ஆண்டு கணுக்கால் முறிந்த ஜேம்ஸ் ஹியூஸ்டன் பழையபடி வந்தால் மட்டும் இந்தக் குறை ஓரளவு தீரும்.

நடுவில் டி.ஜே. ரீடர் வந்திருப்பது நல்ல சேர்க்கை. சின்சினாட்டியில் பல ஆண்டு ஆடிய பெரிய உடல்காரர். அவர் நடுவே இரண்டு பேரை இழுத்துக்கொண்டால் மெக்நீலுக்கு வழி கிடைக்கும். டிசம்பரில் தொடைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதால் முகாமின் தொடக்கத்தில் அவரை முழுவேகத்தில் பார்க்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தாக்குதல் பக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே மாறியது குறைவு. தாக்குதல் பக்கப் பொறுப்பாளர் பென் ஜான்சன் மற்ற அணிகளின் தலைமைப் பயிற்சியாளர் வாய்ப்புகளை விட்டுவிட்டு இன்னோர் ஆண்டு இங்கேயே இருக்கிறார். இந்த ஆண்டு லயன்ஸுக்குக் கிடைத்த மிகப் பெரிய செய்தி இதுதான். குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் போன ஆண்டு 4,575 யார்டு, 30 டச்டவுன். மே மாதம் நான்காண்டுக்கு 212 மில்லியன் டாலர் ஒப்பந்தம். ரிசீவர் அமோன்-ரா செயின்ட் பிரவுன் 119 பந்து பிடித்து 1,515 யார்டு எடுத்தார். அவருக்கும், முன்வரிசையில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வலது டாக்கிள் பெனே சூவெலுக்கும் ஏப்ரலில் ஒரே நாளில் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. 2021-இல் அப்போதைய குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸுக்குக் கொடுத்து, எவருக்கும் வேண்டாதவர் போலப் பேசப்பட்ட காஃபையும் மூன்று டிராஃப்ட் உரிமைகளையும் வாங்கினார் ஹோம்ஸ். அந்த உரிமைகளைப் பிடித்துக்கொண்டு போனால் வில்லியம்ஸ், கிப்ஸ், சாம் லபோர்ட்டா, மெலிஃபான்வு என்று இன்றைய அணியின் முதுகெலும்பே வருகிறது. ஆட்களை எடுப்பதில் அவர் கண்ணை நான் நம்புவதற்கு இதுவே காரணம். கார்னர்பேக் விஷயத்திலும் அந்த நம்பிக்கையில்தான் பேசுகிறேன்.

இந்தப் பக்கத்தில் கேள்வி இரண்டு உண்டு. அதே முன்வரிசையின் இடது கார்டு ஜோனா ஜாக்சன் ராம்ஸுக்குப் போய்விட்டார். 34 வயது கெவின் ஸைட்லர் வலப்பக்கம் வர, கிரகாம் கிளாஸ்கோ இடப்பக்கம் நகர்கிறார். பெருவிரல் காயத்தோடு பல ஆண்டாகப் போராடும் சென்டர் ஃபிராங்க் ராக்னோவையும், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் டெக்கரையும் சேர்த்துப் பார்த்தால், லீகின் தலைசிறந்த இந்த முன்வரிசைக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த ஆண்டு தாங்கும். இன்னொன்று ஜேம்சன் வில்லியம்ஸ். முதல் ஆண்டு முழங்கால், இரண்டாம் ஆண்டு சூதாட்ட விதிமீறலுக்கான தடை என்று போன பின், ரெனால்ட்ஸும் டென்வருக்குப் போய்விட்டதால், இரண்டாவது ரிசீவர் இடம் இப்போது அவருடையதே. போன ஆண்டு 24 பந்து, 354 யார்டு. அவர் வேகத்துக்கு இது இரண்டு மடங்காகாவிட்டால்தான் ஆச்சரியம்.

உதைப்பவர் யார் என்பதையும் விட்டுவிடக் கூடாது. சான்டா கிளாராவில் கேம்பெல் இரண்டு முறை ஃபீல்டு கோலைத் தவிர்த்தார். இரண்டும் ஏறக்குறைய 45, 48 யார்டு தூரம். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன், இந்த அணி வளர்ந்ததே அந்தத் துணிச்சலில்தான். ஆனாலும் அந்தத் தூரத்தில் முழு நம்பிக்கை தரும் கால் ஒன்று அணியில் இருந்திருந்தால் யோசனை வேறு மாதிரி போயிருக்கலாம். இப்போது மைக்கேல் பேட்ஜ்லிக்குப் போட்டியாக ஜேக் பேட்ஸ் வந்திருக்கிறார். போன ஆண்டு டெக்சஸில் செங்கல் விற்றுக்கொண்டிருந்த இளைஞர். இந்த மார்ச் 30 அன்று இதே ஃபோர்டு ஃபீல்டில், வசந்தகால லீகான யுஎஃப்எல்லில் மிச்சிகன் பாந்தர்ஸுக்காக 64 யார்டு ஃபீல்டு கோலை உதைத்தார். பந்து கம்பத்துக்கு நடுவே போன பிறகு, எதிரணி அதற்கு முன்பே டைம்அவுட் கேட்டிருந்தது என்று நடுவர் திரும்ப உதைக்கச் சொன்னார். பேட்ஸ் மறுபடி நடந்து வந்து, அதே 64 யார்டைத் திரும்ப அடித்து ஆட்டத்தை வென்றார். என் ஓட்டு அவருக்கே.

காஃபுக்கு மாற்றாக இருக்கும் ஹென்டன் ஹூக்கர், நேட் சட்ஃபெல்டு இருவரில் எவரும் உண்மையான ஆட்டத்தில் இன்னும் நிரூபித்தவர் அல்லர். முகாமுக்கு வரும் 90 பேரிலிருந்து ஆகஸ்ட் கடைசியில் 53 பேராகக் குறைக்கும்போது இந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தாலும் வியக்க மாட்டேன்.

எதிரிகளையும் பார்த்துவிடலாம். டிவிஷன் முதலிடம் பிடித்ததால் அட்டவணை கடினம். கிரீன் பேயில் ஜோர்டன் லவ் ஜனவரியில் டல்லஸை அதன் மைதானத்திலேயே வீழ்த்தியவர். சிகாகோ டிராஃப்டின் முதல் ஆளான கேலெப் வில்லியம்ஸை எடுத்து, அவருக்கு டி.ஜே. மூர், கீனன் ஆலன், ரோம் ஒடுன்சே என்று மூன்று ரிசீவர்களைக் கொடுத்திருக்கிறது. மினசோட்டாவில் குவார்ட்டர்பேக் யாரானாலும் ஜஸ்டின் ஜெஃபர்சன் இருக்கிறார்; கடைசி வார ஆட்டத்தில் இதே லயன்ஸுக்கு எதிராக 192 யார்டு பிடித்தவர். பாருங்கள், டிவிஷனுக்குள் மட்டும் ஆறு ஆட்டத்திலும் சோதிக்கப்படப்போவது அந்தப் புதிய கார்னர்பேக்குகள்தான். என் கணிப்பு 11 அல்லது 12 வெற்றி, மறுபடியும் டிவிஷன் பட்டம். மாநாட்டில் முதலிடம் கிடைக்குமா என்பது டிசம்பர் 30 அன்று, திங்கள் இரவில், அதே சான்டா கிளாராவில் தெரியும்.

முகாமில் எதைப் பார்ப்பது என்று நீங்கள் கேட்டால், முதல் வாரத்துச் செய்திகளில் யார் எத்தனை டச்டவுன் பிடித்தார் என்பதை விட்டுவிடுங்கள். ஆலன் பார்க் பயிற்சி மைதானத்தில் ரிசீவரும் கார்னர்பேக்கும் ஒருவருக்கொருவர் மோதும் பயிற்சி ஒன்று தினமும் நடக்கும். அதில் செயின்ட் பிரவுனுக்கு எதிரே ஆர்னால்டு நிற்கிறாரா என்று பாருங்கள். தனக்கு முன்னால் டிராஃப்டில் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் இன்றுவரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், பயிற்சி முடிந்ததும் தினமும் இயந்திரத்திலிருந்து 202 பந்து பிடிக்கிறவர் செயின்ட் பிரவுன். அவர் ஒரு புது ஆளுக்கு இரக்கம் காட்ட மாட்டார். ஆர்னால்டு முதல் சில நாள் நன்றாக அடிவாங்குவார். மூன்றாவது வாரத்தில் ஐந்தில் இரண்டையாவது தடுக்கிறார் என்ற செய்தி வந்தால், செப்டம்பர் 8 அன்று ஃபோர்டு ஃபீல்டில் ஸ்டாஃபோர்டும் நக்குவாவும் ராம்ஸோடு திரும்பி வரும்போது நான் போன ஜனவரியைவிட நிம்மதியாக உட்கார்ந்து பார்ப்பேன்.